பல்லடம் கணினியின் மூன்றரை நிமிடம்

சர்வீஸ் பிரிவில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்கு ஏதாவது எழுதித் தரும்படி என்னிடம் கேட்டிருக்கிறார்கள். என்ன எழுதுவது என்று சொல்லவில்லை. வழிமுறைக் கையேடு உங்களிடம் இருக்கிறது. அதில் பாதியை எழுதியவன் நான்தான் என்பதால் எனக்கு அதன் மேல் பெரிய பக்தி கிடையாது. அந்தக் கையேட்டில் ஒரு வரி பிசகாமல் நடந்துகொண்டு ஒரு பெண்ணின் வேலைக்கு நான் உலை வைத்ததைச் சொல்கிறேன். கையேட்டில் இல்லாத ஒன்றைத்தானே எழுதித் தர வேண்டும்.

கிளம்ப மறுக்கிற கணினியால் பெரிய தொல்லை இல்லை. எங்கே நின்றது என்று அதுவே காட்டிக் கொடுத்துவிடும். அணைய மறுக்கிற கணினிதான் தலைவலி. கல்யாணம் முடிந்து மண்டபத்தைப் பூட்டுகிற வேலை அது. வாட்ச்மேன் சாவியோடு வாசலில் நிற்கிறார். மேளக்காரர்கள் போய்விட்டார்கள், பந்தல்காரர் போய்விட்டார், ஆனால் சாப்பாட்டு ஹாலில் யாரோ ஒருவர் இன்னும் பாயசத்துக்காக உட்கார்ந்திருக்கிறார். அவர் யார் என்று வாட்ச்மேனுக்குத் தெரியாது. அவர் எழுந்திருக்கும்வரை பூட்டவும் முடியாது. கணினியும் அப்படித்தான், 'அணைந்துகொண்டிருக்கிறது, காத்திருக்கவும்' என்று திரையில் போட்டுவிட்டு நின்றுவிடும். உள்ளே யார் உட்கார்ந்திருக்கிறார் என்று சொல்லாது.

தொண்ணூறுகளின் பிற்பாதியில் நாங்கள் விற்ற கணினிகள் தாமாக அணைந்ததில்லை. எல்லா வேலையும் முடிந்த பிறகு கறுப்புத் திரையில் ஆரஞ்சு நிறத்தில் 'இனி அணைக்கலாம்' என்று ஆங்கிலத்தில் ஒரு வரி வரும். அதைப் பார்த்துவிட்டுத்தான் கையால் சுவிட்சை அமுக்க வேண்டும். முன்கூட்டி அமுக்கினால் அன்றைய கோப்பு சிதைந்துபோகலாம், போகாமலும் இருக்கலாம். ஒவ்வொரு தடவையும் போயிருந்தால் யாரும் அமுக்கியிருக்க மாட்டார்கள்.

பல்லடத்துக்கு வெளியே ஒரு ஹேச்சரிக்கு நாங்கள் கணினி கொடுத்திருந்தோம். முட்டையை இயந்திரத்தில் அடுக்கி இருபத்தொரு நாளில் குஞ்சாக எடுத்து, பண்ணைகளுக்கு அனுப்புகிற இடம். எந்த அறையில் எந்தத் தேதி முட்டை வைத்தார்கள், எந்தத் தேதி எந்தப் பண்ணையின் வண்டி வர வேண்டும் என்பதெல்லாம் அந்த ஒரே கணினியில் இருந்தது. அதற்கு முன்பு நோட்டில் இருந்தது. நோட்டு சிதைந்ததாக யாரும் புகார் செய்ததில்லை என்பதை அந்த முதலாளி என்னிடம் பலமுறை நினைவூட்டியிருக்கிறார்.

புகார் வந்தபோது அது ஏழெட்டு மாதம் ஓடியிருந்த கணினி. சாயங்காலம் அணைக்கும்போது உறைந்துவிடுகிறது, மறுநாள் காலையில் கோப்பு கெட்டுக் கிடக்கிறது. இரண்டு தடவை சமாளித்திருக்கிறார்கள். மூன்றாவது தடவை குஞ்சு அட்டவணையில் இரண்டு நாள் காணாமல் போயிருக்கிறது. அதை நம்பி வரச்சொல்லி கிணத்துக்கடவிலிருந்து வந்த வண்டிக்கு ஏற்றக் குஞ்சு இல்லை. முட்டை இன்னும் முட்டையாகவே இருந்தது. வண்டிக்காரர் முற்றத்தில் நின்று நான்கு பேர் கேட்கப் பேசிவிட்டுப் போனதில் முதலாளிக்கு மானம் போய்விட்டது.

நான் போனது காலை பதினொரு மணிக்கு. கணினியில் வேலை பார்த்தவர் ஜோதிமணி என்ற பெண், இருபத்திரண்டு இருபத்து மூன்று வயது இருக்கும். முன்பிருந்த பெண் தை மாதம் கல்யாணமாகிப் போனதால் அந்த இடத்துக்கு வந்தவர். கையில் ஒரு ஃபைலோடு நாற்காலிக்குப் பின்னால் நின்றார். முதலாளி பக்கத்தில் நின்றார்.

கணினியைத் தொடக்கினேன். பெயரும் கடவுச்சொல்லும் கேட்கும் பெட்டி வந்தது. வாடிக்கையாளரின் கடவுச்சொல்லைப் பொறியாளர் கேட்கக் கூடாது என்பது எங்கள் விதி. நல்ல விதி. அந்தக் காலத்துக் கணினிகளில் எஸ்கேப் விசையைத் தட்டினால் போதும், யார் எவர் என்று விசாரிக்காமல் உள்ளே விட்டுவிடும். தட்டினேன். உள்ளே போய், அவர்கள் பயன்படுத்தும் நிரல்களை ஒவ்வொன்றாகத் திறந்து மூடினேன். பிறகு அணைத்தேன். சில விநாடிகளில் ஆரஞ்சு எழுத்து வந்தது. மறுபடி தொடக்கி அணைத்தேன். ஐந்து தடவை செய்தேன். ஐந்து தடவையும் வந்தது.

அப்போது ஜோதிமணி, "சார், சாயங்காலம் பார்த்தீங்கன்னா தெரியுமுங்க" என்றார்.

இயந்திரத்துக்குக் காலை, சாயங்காலம் எல்லாம் தெரியாது என்று நான் சொன்னேன். சொல்லிவிட்டு ஒரு சிரிப்பும் சிரித்ததாக ஞாபகம். முதலாளியும் சிரித்தார். பிறகு ஜோதிமணி பக்கம் திரும்பி, ஆரஞ்சு எழுத்து வருவதற்கு முன்பே சுவிட்சை அமுக்கினீர்களா என்று கேட்டேன்.

"ஆமாங்க" என்றார். மறைக்கவில்லை.

எங்கள் சர்வீஸ் அறிக்கையில் 'பழுதின் காரணம்' என்று ஓர் இடம் உண்டு. அதில் மூன்று கட்டங்கள்: கருவி, மென்பொருள், பயன்படுத்துபவர். மூன்றாவதில் டிக் போட்டேன். கீழே, 'கருவியில் குறையில்லை. அணைக்கும் முறை பின்பற்றப்படவில்லை' என்று எழுதினேன். அதில் பொய் ஒன்றும் இல்லை. இன்றைக்கும் என்னை உறுத்துவது அதுதான். பொய்யாக இருந்தால் திருத்துவது சுலபம். முதலாளி வாங்கிப் படித்துவிட்டு, மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். அந்த மடிப்பைப் பார்த்தபோதே எனக்குப் புரிந்திருக்க வேண்டும். கம்ப்யூட்டரைப் பற்றிய காகிதத்தை யாரும் அவ்வளவு பத்திரமாகச் சட்டைப் பையில் வைப்பதில்லை.

மூன்று நாள் கழித்து, ஒரு வியாழக்கிழமை மத்தியானம், கோயமுத்தூரில் எங்கள் அலுவலகத்துக்கு எனக்கென்று ஒரு போன் வந்தது. பின்னால் லாரிச் சத்தம் கேட்டது, காயின் போன்.

"சார், பல்லடத்துல இருந்து ஜோதிமணி பேசறனுங்க. சனிக்கிழமையோட நின்னுக்கச் சொல்லிப்போட்டாங்க. உங்க காயிதத்தைக் காட்டித்தானுங்க சொன்னாங்க."

நான் ஏதோ சொல்லத் தொடங்கினேன். கருவியின் நிலையைத்தான் எழுதினேன், ஆளைப் பற்றி எழுதவில்லை என்கிற மாதிரி.

"அது சரிங்க. நான் சுவிட்சை அமுக்கினது நெசந்தானுங்க. ஏன் அமுக்கினேன்னு நீங்க கேக்கவே இல்லீங்களே?"

நாணயம் தீர்ந்து இணைப்பு அறுந்தது. திட்டியிருந்தால் பதில் தயாராக இருந்திருக்கும், திட்டுக்குப் பதில் சொல்வதும் எங்கள் பயிற்சியில் உண்டு. இவ்வளவு 'ங்க' போட்டுக் கேட்பதற்குப் பயிற்சி கொடுத்ததில்லை.

முடித்துவைத்த புகாரை வாடிக்கையாளரே கேட்டாலொழிய மறுபடி திறக்கக் கூடாது என்பது இன்னொரு விதி. வாடிக்கையாளர் கேட்கப் போவதில்லை. அவருக்கு வேண்டியது கிடைத்துவிட்டது. அலுவலகத்தில் வேறு ஏதோ காரணம் எழுதிவைத்துவிட்டு, மறுநாள் வெள்ளிக்கிழமை ஸ்கூட்டரில் பல்லடம் போனேன். ஐந்து மணிக்குச் சேர்ந்தேன். முதலாளி வாசலில் நின்று ஒரு தீவன லாரியை எண்ணிக்கொண்டிருந்தார்.

"ஏனுங்க சார், கூப்புடாமயே வந்திருக்கீங்க?"

இந்தப் பக்கம் வந்தேன், ஒரு தடவை எட்டிப் பார்க்கலாம் என்று நினைத்தேன் என்றேன். அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு, பாருங்கள் என்று கையைக் காட்டினார்.

உள்ளே போய் ஜோதிமணியிடம் சொன்னேன்: நான் கணினியைத் தொடப்போவதில்லை. நீங்கள் தினமும் என்ன செய்வீர்களோ அதையே செய்யுங்கள், நான் பக்கத்தில் உட்கார்ந்துகொள்கிறேன். அவருக்கு என் மேல் பெரிய நம்பிக்கை வந்துவிட்டதாகத் தெரியவில்லை. சரி என்று தலையாட்டினார். கைகளைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். பொறியாளர்களுக்கு அது சிரமமான ஆசனம், செய்து பாருங்கள்.

அன்றைய பதிவுகளை முடித்தார். ஐந்தே முக்காலுக்குச் சற்று முன்பு வெளியே டவுன் பஸ் போகும் சத்தம் கேட்டது. உடனே கணினியை அணைக்கத் தொடங்கினார். ஏன் சரியாக அந்த நேரத்தில் என்று கேட்டேன். நான் அவரிடம் கேட்ட முதல் உருப்படியான கேள்வி அது.

அந்த பஸ் மேலே நால்ரோடு வரைக்கும் போய்த் திரும்பி வரும். போகும்போது அணைக்கத் தொடங்கினால், திரும்பி வரும்போது வாசலில் ஏறிக்கொள்ளலாம். அதை விட்டால் அடுத்த பஸ் ஏழரைக்கு. நடுவே இருப்பது இரண்டு நிமிடம், கண்டக்டர் டீ குடித்தால் இரண்டரை. "அதுக்குள்ள அணையாதுங்க. பஸ் திரும்பி வந்து ஹாரன் அடிச்சதுமே சுவிட்சை அமுக்கிப்போட்டு ஓடிருவேன். மொத மாசம் ரெண்டு நாள் அமுக்கிப்போட்டு ஓடறதுக்குள்ள பஸ் போயிருச்சுங்க. ஊட்டுல சத்தம் போட்டாங்க."

ஏன் முன்னதாக அணைக்கக் கூடாது என்றேன். ஐந்தே முக்கால் வரை பண்ணைகளிலிருந்து போன் வருமாம். கணினியை அணைத்துவிட்டு உட்கார்ந்திருந்தால் முதலாளிக்குப் பிடிக்காதாம்.

திரையில் 'காத்திருக்கவும்' நின்றது. ஹார்ட் டிஸ்க் இயங்குவதைக் காட்டும் சிவப்பு விளக்கு சிமிட்டவில்லை. அப்படியானால் உள்ளே எதுவும் பதிவாகிக்கொண்டிருக்கவில்லை. உறைந்துவிட்டது என்றுதான் யாரும் சொல்வார்கள், நானும் சொல்லியிருப்பேன். பஸ் திரும்பி வந்து வாசலில் ஹாரன் அடித்தது. ஜோதிமணியின் கை தானாக சுவிட்சை நோக்கிப் போனது. வேண்டாம் என்றேன். அவர் கையை எடுத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். இன்னொரு ஹாரன். பிறகு பஸ் கிளம்பிப் போகும் சத்தம்.

"போச்சுங்க" என்றார்.

கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அணைக்கத் தொடங்கி மூன்றரை நிமிடம் ஆனபோது திரை கறுத்து, ஆரஞ்சு எழுத்து வந்தது. ஜோதிமணி கண்ணை விரித்து அதைப் பார்த்தார். சாயங்காலத்தில் தானாக வந்து அவர் பார்ப்பது அதுதான் முதல் தடவை.

கணினி உறையவில்லை, யாருக்காகவோ காத்திருக்கிறது என்று அந்த மூன்றரை நிமிடத்தில் தெரிந்தது. பாயசத்துக்கு உட்கார்ந்திருக்கும் ஆள் யார் என்பதுதான் கேள்வி. மறுபடி தொடக்கச் சொன்னேன். பெயர் கேட்கும் பெட்டி வந்தது. நான் எஸ்கேப் தட்டிய இடத்தில் அவர் முன்பிருந்த பெண்ணின் பெயரைத் தட்டினார், ஒரு துண்டுச் சீட்டைப் பார்த்துக் கடவுச்சொல்லையும் தட்டினார். அந்தப் பெண் போகும்போது கொடுத்துவிட்டுப் போன சீட்டு அது.

இங்கே நீங்கள் என்னை விடச் சீக்கிரம் புரிந்துகொண்டிருப்பீர்கள். பெயருக்குப் பெயர் கணினியின் அமைப்புகள் தனித்தனி. நான் சோதித்தது பெயரில்லாதவனின் கணினியை. அது நான் போன இரண்டு நாளும் நன்றாகத்தான் இருந்தது. அவர் தினமும் வேலை பார்த்த கணினியை நான் பார்க்கவே இல்லை.

அந்தப் பெயரில் மட்டும் எது காத்திருக்க வைக்கிறது என்று பார்க்க எழுந்து கணினியின் பின்பக்கம் போனேன். எல்லாத் துளையிலும் வயர் இருந்தது, ஒன்றைத் தவிர. ஸ்பீக்கர் செருகும் துளை காலியாக இருந்தது. நாங்கள் ஸ்பீக்கர் கொடுத்திருந்தோமே என்றேன். தான் வந்த நாளிலிருந்து ஸ்பீக்கரே இல்லை என்றார் ஜோதிமணி. அதற்குள் முதலாளி வந்து கதவருகே நின்றிருந்தார்.

"அது தாய்க்கோழி ஷெட்டுல பாடுதுங்க" என்றார். "தீவாளி வெடிக்குக் கோழி மிரண்டு மூலையில அடஞ்சுக்குமுங்க. பாட்டு ஓடிட்டே இருந்தா மிரளாது. ரேடியோப் பொட்டிக்குச் சத்தம் பத்தலைன்னு இதை எடுத்து மாட்டிப்போட்டேன்."

என் பையில் ஒலி சோதிக்க ஓர் இயர்போன் எப்போதும் இருக்கும். அதைக் காலித் துளையில் செருகி, ஒரு பக்கத்தைக் காதில் வைத்துக்கொண்டு, இப்போது அணையுங்கள் என்றேன்.

முதலில் ஒரு கரகரப்பு. பின்னால் குஞ்சுகள் கீச்சிடும் சத்தம். பிறகு என் குரல், சந்தேகத்துக்கு இடமில்லாமல் என் குரல்: "யாரும் பேசாதீங்க, ரெக்கார்டு ஆகுது." அதற்குப் பிறகு மங்களப் பாட்டு தொடங்கியது.

எல்லாம் நினைவுக்கு வந்தது. கணினியை நிறுவியது நானேதான். அன்று பூசை முடித்துப் பூசணிக்காய் சுற்றிப் போட்ட கையோடு, கடை சாத்தும்போது மங்களம் பாடித்தான் சாத்த வேண்டும், இதுவும் அப்படிப் பாடிக்கொண்டே அணையுமா என்று முதலாளி கேட்டார். முடியாது என்று சொல்லியிருக்கலாம். முடியும் என்பதைக் காட்டும் ஆசை எனக்கு. டேப் ரிக்கார்டரை மைக்குக்கு அருகில் வைத்து, அறையில் இருந்தவர்களை வாய்மூடச் சொல்லி, பாட்டு முழுவதையும் பதிவு செய்து, அந்தப் பெண்ணின் பெயரில் அணையும் ஒலியாகப் போட்டுக் கொடுத்தேன். பாட்டு முடியும்வரை கணினி அணையாது. முதலாளி கைகூப்பி நின்று கேட்டார். நன்றி சொன்னார். நானும் பெருமையோடு கோயமுத்தூர் திரும்பினேன். அந்த வருடம் அப்படி எத்தனை அலுவலகங்களில் எத்தனை சாமிகளைக் கணினிக்குள் உட்கார வைத்தேன் என்று எண்ணவில்லை.

தீபாவளிக்கு ஸ்பீக்கர் கோழிகளிடம் போனது. முன்பிருந்த பெண்ணுக்கு உள்ளே பாட்டு ஓடுவது தெரியும். அதே ஊரில் வீடு, பஸ் அவசரம் இல்லை. சத்தமில்லாத பாட்டு ஓடி முடிவதற்குள் டிபன் பாக்ஸைக் கழுவி வைத்திருப்பார். போகும்போது எழுதிக் கொடுத்த சீட்டில் பெயர் இருந்தது, கடவுச்சொல் இருந்தது. பாட்டு இல்லை. பாட்டைப் போய் யார் எழுதிக் கொடுப்பார்கள்?

நான் இயர்போனைக் கழற்றி ஜோதிமணியிடம் கொடுத்தேன். மறுபடி தொடக்கி, மறுபடி அணைத்தோம். அவர் காதில் வைத்துக் கேட்டார். முதல் சில விநாடிகளிலேயே அவர் புருவம் ஏறியது. என்னைப் பார்த்தார்.

"பேசாதீங்கன்னு சொல்றது நீங்களுங்களா சார்?"

ஆமாம் என்றேன். அவர் சிரிக்கவில்லை. இயர்போனை முதலாளியிடம் நீட்டினார். முதலாளி அதைக் காதில் வைத்தார், அவர் கைகள் தாமாகக் கூப்பிக்கொண்டன. அந்த மனிதர் கண்ணை மூடிக்கொண்டு மிச்சப் பாட்டை முழுவதும் கேட்டார். இடையில் பேச முடியாது என்பதால் நாங்கள் இருவரும் நின்றோம். ஆரஞ்சு எழுத்து வந்தது.

"பாட்டு நல்லாத்தானுங்க இருக்குது" என்றார் முதலாளி.

பாட்டை நீக்கிவிட்டு ஒரு மணியோசை போட்டுத் தரட்டுமா என்று கேட்டேன். மங்களத்தை எப்படி நீக்குவது என்று அவர் தயங்கினார். சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். என் பழைய அறிக்கை அதில்தான் இருந்திருக்க வேண்டும். கடைசியில் ஜோதிமணியைப் பார்த்து, "திங்கக்கெழமை வந்துரு அம்மணி. நம்ம ஊட்டுப் புள்ள மாதிரி, மனசுல வெச்சுக்காத கண்ணு" என்றார்.

"வாரனுங்க" என்றார் ஜோதிமணி. "பாட்டும் இருக்கட்டுங்க. அஞ்சு நாப்பதுக்கே அணைக்க ஆரம்பிப்பேன், அதுக்கு மேல போன் வந்தா நோட்டுல எழுதி வெச்சுக்கறேன். நீங்க ஒண்ணும் சொல்லக் கூடாதுங்க."

முதலாளி கொஞ்சம் யோசித்தார். "செரி" என்றார்.

நான் பையை மூடினேன். வேலை முடிந்துவிட்டது என்று நினைத்தேன். ஜோதிமணி நகராமல் நின்றார்.

"சார், அன்னிக்கு எழுதிக் குடுத்தீங்கல்லங்க. அதே மாதிரி இதையும் எழுதிக் குடுத்துட்டுப் போங்க."

புகாரே பதிவாகாத ஒரு வருகைக்கு அறிக்கை எழுதுவது விதிக்குப் புறம்பு. எழுதினேன். 'பழுதின் காரணம்' என்ற இடத்துக்கு வந்ததும் பேனா நின்றது. கருவி இல்லை, மென்பொருள் இல்லை, பயன்படுத்துபவர் இல்லை. மூன்று கட்டங்களுக்குப் பக்கத்தில் நான்காவதாக ஒரு கட்டத்தைக் கையால் வரைந்து, 'நிறுவிய பொறியாளர்' என்று எழுதி டிக் போட்டேன். கீழே, முந்தைய அறிக்கை தவறு, பயன்படுத்துபவரிடம் விசாரிக்காமல் எழுதப்பட்டது என்று சேர்த்துக் கையெழுத்திட்டேன். முதலாளியும் கையெழுத்துப் போட்டார்.

கார்பன் வைத்த மூன்று நகல்கள். வெள்ளை வாடிக்கையாளருக்கு, ரோஸ் அலுவலகத்துக்கு, மஞ்சள் பொறியாளருக்கு. வெள்ளையை முதலாளியிடம் கொடுத்தேன். அவர் அதை மடித்துப் பையில் வைக்கவில்லை, மேசை மேல் வைத்தார்.

"எனக்கொண்ணு குடுங்க" என்றார் ஜோதிமணி.

கணினியில் வேலை பார்ப்பவருக்கு நகல் கொடுக்கும் வழக்கம் எங்களிடம் இல்லை. அப்படி ஒருவர் கேட்பார் என்று அறிக்கையை அச்சடித்தவர்களுக்குத் தோன்றியதே இல்லை. மஞ்சளைக் கிழித்துக் கொடுத்தேன். அவர் நின்ற இடத்திலேயே முழுவதும் படித்தார், நான்கு கட்டங்களையும் பார்த்தார், டிபன் பாக்ஸ் பைக்குள் தட்டையாக வைத்தார். பஸ் போய்விட்டதால் முதலாளி தன் ஜீப்பில் அனுப்பி வைத்தார்.

ரோஸ் நகல் அலுவலகத்துக்குப் போனது. நான்காவது கட்டம் எங்கிருந்து வந்தது என்று ஒரு விளக்கம் கேட்டார்கள், கொடுத்தேன். அடுத்த தடவை அச்சடித்தபோதும் மூன்று கட்டங்கள்தான் இருந்தன. உங்களிடம் இப்போது இருக்கும் படிவத்திலும் மூன்றுதான் என்று கேள்விப்படுகிறேன். பக்கத்தில் கொஞ்சம் இடம் விட்டிருப்பார்கள், பாருங்கள்.

நான் எழுதிய அறிக்கைகளின் மஞ்சள் நகல்கள் அத்தனையும் வருடவாரியாகக் கட்டி வீட்டில் வைத்திருக்கிறேன். இந்த ஒன்று மட்டும் என்னிடம் இல்லை. அதனால்தான் இதை ஞாபகத்திலிருந்து எழுத வேண்டியதாயிற்று. ஏதாவது பிசகியிருந்தால், சரியான நகல் ஜோதிமணியிடம் இருக்கும். இந்த முறை அவரைக் கேட்டுக்கொள்ளுங்கள்.